சனிக்கிழமைக்கு இறுக்கு, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிரி

என் தங்கைக்கு நான் எட்டாயிரம் தர வேண்டியிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரி, "அதை மட்டும் ஏன் எழுதல?" என்று என் உயிரை வாங்குவாள்.

எங்கள் ஊர் நாடக மன்றத்துச் செயலாளர் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார். "நம்ம ரெண்டு பழைய நாடகத்தையும் உங்க அளவுக்குப் பார்த்தவங்க யாரும் இல்ல. ஒண்ணுல காதல், இன்னொண்ணுல கல்யாணம். ரெண்டையும் ஒப்பிட்டு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். படித்த வாத்தியார்கள் எத்தனையோ பேர் இருக்க என்னிடம் ஏன் கேட்டார் என்றால், மலருக்குக் காகிதச் செலவு என்னுடையது. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் இன்றைக்கு இந்த ஊரில் கூட்டம் என்று எது நடந்தாலும், பெரிய மனிதர் சின்ன மனிதர் எல்லாரும் என் நாற்காலியில்தான் உட்கார வேண்டும். வாடகை நாற்காலி, மேடைப் பலகை, திரை, விளக்கு, காற்றாடி எல்லாம் என்னுடையவை. ஒற்றை ஆளாக நின்று சேர்த்தவை.

ஒப்பிட எனக்குத் தெரியாது. என் தங்கையைப் பற்றி எழுதத் தெரியும். அவளைப் பற்றி எழுதினால் இரண்டு நாடகமும் தானாக வந்துவிடும். இரண்டும் அவள் மடியில்தான் கிடக்கின்றன.

அவள் மன்றத்தின் உடுப்புத் தையற்காரி. மேடைக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அதில் ஒரு மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, கொடியில் ராஜாவிலிருந்து காவல்காரன் வரைக்கும் தொங்குவார்கள். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா. ஊசியை நெஞ்சில் குத்தி வைத்திருப்பாள். நூலைக் கடைவாய்ப் பல்லால் கடித்து அறுப்பாள். கத்தரிக்கோல் எதிரிலேயே இருக்கும், எடுக்க மாட்டாள். சொன்னால், "பல்லுக்குச் சாணை பிடிக்க வேண்டியதில்லையேண்ணே" என்பாள். எதைச் சொன்னாலும் அவளிடம் ஒரு பதில் இருக்கும். அதுதான் எனக்குப் பெரிய தலைவலி.

இப்போது நாடகங்கள். எழுதியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். பெயர் இருந்தாலும் ஊரில் யாரும் பெயரைச் சொல்வதில்லை. சனிக்கிழமை நாடகம், ஞாயிற்றுக்கிழமை நாடகம், அவ்வளவுதான்.

சனிக்கிழமையில் ஒரு உப்பு வியாபாரி. அவர் வீட்டுக் கடிகாரத்தைப் பழுது பார்க்க வந்தவன் அவர் மகளைக் காதலிக்கிறான். மூன்றாம் காட்சி முழுக்க ஜன்னலுக்கு வெளியே நின்று அவளிடம் பேசுகிறான். என்ன பேச்சு அது! கடைசியில் புயல் அடிக்கிறது, அப்பாவின் மனம் இளகுகிறது. கல்யாண உடுப்பில் நிற்கிற மகளை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்து, அவன் கையில் ஒரு பணமுடிப்பையும் வைக்கிறார். அந்த இடத்தில் அழாதவன் மனிதனே இல்லை. நான் ஒவ்வொரு முறையும் அழுவேன். ஒரு தகப்பன் ஊர் பார்க்கக் கொடுக்கிறான் பாருங்கள், அந்தக் கம்பீரம்! திரை விழும்.

ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள் எழுதியது. நடு வயதுப் புருஷன், பெண்டாட்டி. திரை தூக்கியதுமே அவள் பெட்டியிலிருந்து பழைய கல்யாண உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து அவன் முன்னால் நிற்பாள். "இதைப் போட்டுக்கொண்டு வந்த அன்று என்னோடு வந்த பணம் எங்கே?" என்பாள். பிறகு நாடகம் முழுக்கச் சண்டை. தட்டு உடையும். அவன் கோபித்துக்கொண்டு வெளியே போவான், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வருவான். கடைசியில், "முழங்கால் வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்பான். அவள், "இருக்கிறது" என்பாள். திரை. இதற்கு டிக்கெட் வேறு.

இரண்டு நாடகத்துக்கும் ஒரே கல்யாண உடுப்பு. மன்றம் சிக்கனமான மன்றம். ஆனால் சனிக்கிழமை நாயகி தட்டச்சு நிலையத்துப் பெண், ஊதினால் பறந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பெண்டாட்டி கான்டீன் நடத்துகிற அக்கா. அவருடைய ஒரு கை தட்டச்சுப் பெண்ணின் இடுப்பளவு இருக்கும். அதனால் என் தங்கை அந்த உடுப்பின் இரண்டு பக்கமும் மடித்த துணியை உள்ளே விட்டு வைத்திருந்தாள். ஞாயிறு காலை தையலைப் பிரித்து விடுவாள். மறு சனிக்கிழமை மதியம் மறுபடி இறுக்கித் தைப்பாள். வருஷக்கணக்காக இதே வேலை. "காதலுக்கு இறுக்கணும், கல்யாணத்துக்குப் பிரிக்கணும். கூலி மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணுதான்" என்பாள்.

இன்னொரு விசித்திரம். ஊரே கண்ணைத் துடைக்கிற சனிக்கிழமை நாடகத்தைத் திரை ஓரத்தில் நின்று பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமைச் சண்டையைப் பார்த்தால் மூக்கை உறிஞ்சுவாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏம்மா, உனக்கு மூளை இடம் மாறிப் போச்சா? அங்க சிரிக்கிறே, இங்க அழறே."

"சனிக்கிழமை ஆளு அந்தப் பொண்ணை ஒரு கேள்வியாச்சும் கேக்கறானாண்ணே?"

"ஏன் கேக்கல? 'நீ நிலவா, நீ நெருப்பா'ன்னு கேக்கறானே."

"அதுக்கு அவ என்ன பதில் சொல்லுவா? 'இல்லங்க, நான் உப்புக்காரர் மக'ன்னா? பதில் வேண்டாத கேள்வி அது. ஞாயித்துக்கிழமை ஆளு கத்தறான், தட்டை உடைக்கிறான். ஆனா கேக்கறதெல்லாம் கேள்வி. சோறு இருக்கா, கதவைச் சாத்தினியா, கால் வலிக்குதா. அவ பதில் சொல்றா. அவளும் கேக்கறா."

"இதெல்லாம் ஒரு காதலா?"

"நான் காதல்னு சொல்லலையே" என்றாள், நூலைக் கடித்துக்கொண்டு.

இவளோடு மாரடிக்க முடியுமா?

எட்டாயிரத்துக்கு வருகிறேன். நான் தொழில் தொடங்கிய காலத்தில் அவள் ஒரு பெரிய தையல் கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெண். சேர்த்து வைத்திருந்த பணத்தை, "உனக்கு வேணுமாண்ணே?" என்று அவளாகவே நீட்டினாள். எழுபது மடக்கு நாற்காலி அதில் வந்தது. மீதி அத்தனையும் என் மூளையில் வந்தது. அன்றைக்கே நான் வாக்குக் கொடுத்தேன்: "உன் கல்யாணத்தன்னைக்கு, நாலு பேர் பார்க்க, இதை எண்ணி வைப்பேன்." கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். நான் வாக்கு மாறுகிறவன் இல்லை. மாறியது அவள்தான். கல்யாணமே செய்துகொள்ளவில்லை!

எத்தனை வரன் பார்த்தேன். மளிகைக்கடைக்காரர் மகன், லாரி வைத்திருந்தவன், ஒரு கணக்குப்பிள்ளை. ஒவ்வொருவரும் வந்து உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். "நல்லா பேசினாங்க" என்பாள். அத்தோடு முடிந்தது. நாற்பதைத் தாண்டிவிட்டாள்.

கடைசியில் தபால்காரர் வாய்த்தார். பகலில் தபால் கொடுப்பார், சனிக்கிழமை கடிகாரக்காரன், ஞாயிற்றுக்கிழமை புருஷன், இரண்டும் அவர்தான். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது. தலைக்குச் சாயம் போடுவார், மற்றபடி குறை சொல்ல முடியாத மனிதர். தங்கை மேல் அவருக்கு ஒரு இது இருப்பது தெரிந்ததும் நான் அவரைத் தனியாக அழைத்து, "கல்யாணத்தன்னைக்கு உங்க கையில ஒரு பெரிய தொகை வைப்பேன்" என்று தைரியம் சொல்லி அனுப்பினேன். மனுஷன் நேராகத் தையல் அறைக்குப் போய், தலையை இடித்துக்கொண்டு, மூன்றாம் காட்சியை ஆரம்பித்திருக்கிறார். உன் விழியில் என் காலம் நின்றது, அது இது என்று.

இவள் என்ன செய்தாள் தெரியுமா? "அந்தக் காட்சிக்கு ஜன்னலுக்கு வெளியில நிக்கணும் சார், நீங்க உள்ள வந்துட்டீங்க. சரி, வந்ததுதான் வந்தீங்க, இந்த முனையைப் பிடிங்க" என்று ஒரு திரைச்சீலையின் ஓரத்தைக் கையில் கொடுத்துவிட்டாள். அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வெளியே வந்து என்னிடம், "முதலாளி, உங்க தங்கச்சி சம்மதம்னு சொன்னாங்களா இல்லையான்னு எனக்கே தெரியல" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் மருந்துக்கடைக்குப் பக்கத்து அறை காலியானது. வாசலைப் பார்த்த அறை, நல்ல வெளிச்சம், நிமிர்ந்து நிற்கலாம். தங்கைக்கு அது வேண்டுமாம். சொந்தத் தையல் கடையாம். முன்பணம் எட்டாயிரம். சவரக்கடைக்காரரும் அதே அறையைக் கேட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பணம் வைப்பவருக்குச் சாவி என்று அறைக்குச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மதியம் என் கடைக்கு வந்து, அடுக்கி வைத்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, என் பணம்."

"கல்யாணத்தன்னைக்கு. சொன்னது மறந்து போச்சா?"

"நீதான் சொன்னே. நான் கேக்கலையே. நான் குடுத்தப்ப தேதி போட்டா குடுத்தேன்?"

"தபால்காரரைக் கட்டிக்கோ, அன்னைக்கே கையில வைக்கிறேன்."

"யார் கையில?"

இது என்ன கேள்வி? மாப்பிள்ளை கையில்தான். அதுதானே முறை, அதுதானே கௌரவம்! நான் பேசிக்கொண்டே லாரியில் சாமான் ஏற்றப் போய்விட்டேன். வேலை உள்ளவன் நான். திரும்பி வந்தேன், உட்கார்ந்திருந்தாள். மறுபடி போனேன், மறுபடி வந்தேன், அப்போதும் உட்கார்ந்திருந்தாள். அன்று மன்றத்துக்குப் புதிதாக ஒரு பெரிய காற்றாடி அனுப்ப வேண்டியிருந்தது. கடைசிக் காட்சிப் புயலுக்கு. பழையது கொசு விரட்டக்கூடப் போதாது. என் செலவில் வாங்கியது. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் பார்த்தால் அவள் போய்விட்டிருந்தாள்.

போகிற வழியில் அவள் அறைக்காரரைப் பார்த்துக் கெஞ்சி, மறுநாள் காலை பதினொரு மணி வரைக்கும் தவணை வாங்கிக்கொண்டு மன்றத்துக்குள் நுழையும்போது திரை தூக்குவதற்கான மூன்றாவது மணி அடித்துவிட்டார்கள். கல்யாண உடுப்பு போன ஞாயிற்றுக்கிழமை பிரித்தபடியே, கான்டீன் அக்கா அளவில் தொங்குகிறது. காட்சிக்குக் காட்சி மற்றவர்களுக்கு உடுப்பு மாட்டிவிட்டு, இடையில் அவள் இதைத் தைத்து முடிப்பதற்குள் கடைசிக் காட்சி வந்துவிட்டது. ஒரு பக்கம்கூட முடியவில்லை. வேறு வழியில்லாமல் தட்டச்சுப் பெண்ணுக்கு அதை அப்படியே போட்டு, தொளதொளத்த துணியை மார்புக்குக் கீழே ஒரு நாடாவால் இழுத்துக் கட்டி மேடைக்குத் தள்ளியிருக்கிறாள்.

நான் முதல் வரிசையில் கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். புயல் கிளம்பியது. என் காற்றாடி! அடேயப்பா, திரையெல்லாம் படபடத்தது. பெண் உள்ளே வந்து காற்றாடிக்கு நேராக நின்றாள். நாடாவுக்குக் கீழே இருந்த துணிக்குள் காற்று புகுந்தது. அவ்வளவுதான். உப்பு வியாபாரியின் மகள் நிறைமாதமாக நின்றாள்.

அப்பா வேஷம் போட்டவர் எதையும் பார்க்காமல், கண்ணீர் மல்க, "இந்த முடிப்பை ஏற்றுக்கொள், என் செல்வத்தை ஏற்றுக்கொள்" என்று கையை நீட்டினார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல்:

"மாமா! பொண்ணு வட்டியோட வருது!"

கூரை பிய்த்துக்கொண்டு போனது. இன்னொருவன், "கடிகாரம் நல்லாத்தான் ஓடியிருக்கு!" என்றான். தபால்காரர் வசனத்தை விட்டுவிட்டார். அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "என்னம்மா இது? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார். ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது. செயலாளர் திரையை இறக்கச் சொல்லிக் கையைக் காலை ஆட்டினார்.

என் அழுகைக் காட்சி போயிற்று. நான் மேடைக்குப் பின்னால் ஓடினேன். தலையை இடித்துக்கொண்டேன். உள்ளே இவள் சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"மானத்தை வாங்கிட்டியே! இத்தனை வருஷமா இல்லாத மறதி இன்னைக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"மறக்கலண்ணே. உன் கடையில உக்காந்திருந்தேன்." சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பாத்தியா, சனிக்கிழமை ஆளு ஒரு கேள்வி கேட்டுட்டான்."

அந்த நேரம் பார்த்து தபால்காரரும் கல்யாண வேஷத்தோடு, கையில் முடிப்போடு குனிந்து உள்ளே வந்தார். "என்ன நடந்துச்சு? ஏன் தைக்கல? உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

தங்கை சொன்னாள். நாற்காலி, எட்டாயிரம், அறை, தவணை எல்லாம் ஒரே மூச்சில். அவர் என் பக்கம் திரும்பினார்.

"இவங்க பணமா? எனக்குத் தர்றதாச் சொன்னீங்களே முதலாளி?"

"கல்யாணத்துல உங்க கையில குடுத்தா ரெண்டும் ஒண்ணுதானே."

"எப்படிங்க ஒண்ணு? முடிப்பை மாப்பிள்ளை கையில வெச்சாத் திரை விழுந்துடும், நீங்க கைதட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. மறுநாள் ஞாயித்துக்கிழமை. 'என் பணம் எங்கே'ன்னு அந்த அக்கா கேக்கறதுக்கு நான்தான் நிக்கணும். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போச்சு. மேடையில வாங்குறது போதாதா, வீட்டுலயுமா?"

தங்கை அவர் கையிலிருந்த முடிப்பை வாங்கி மேஜையில் கவிழ்த்தாள். நாற்காலிக்குப் போடுகிற போல்ட்டும் நட்டும் உருண்டன. அவையும் என் கடைச் சாமான்தான்.

"இத்தனை வருஷமா நீ எனக்குக் காட்டுறது இந்த முடிப்புத்தாண்ணே" என்றாள். இப்போது சிரிக்கவில்லை. "எனக்குக் கல்யாணம் நடந்தாலும் நடக்கட்டும், நடக்காட்டியும் போகட்டும். அந்த ரூம் போச்சுன்னா நான் இந்தப் படிக்கு அடியிலயே கூன் விழுந்து போவேன்."

நான் வாக்கு தவறாதவன் என்று ஊருக்கே தெரியும். இவளுக்கு மட்டும் தெரியவில்லை. தபால்காரர் என்னை மறந்துவிட்டு அவளிடம் கேட்டார்:

"ரூம்காரர் காலையில எத்தனை மணிக்கு வருவார்?"

"பதினொண்ணு."

"கூட வரணுமா?"

"வேணாம். உங்களுக்குத் தையல் பிரிக்க வருமா?"

"வராது. சொல்லித் தருவீங்களா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு முக்காலியைக் காலால் நகர்த்திப் போட்டாள். நான் ஒருவன் அங்கே நிற்பதே இருவருக்கும் நினைவில்லை. தலையை இன்னொரு முறை இடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஞாயிறு காலை முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த அப்பா முடிப்பு குடுக்கிறப்ப நீங்க எதுக்கு அழறீங்கன்னு எனக்குத் தெரியும்."

"எதுக்கு?"

"ஊர் கைதட்டுதே, அதுக்கு. உங்க தங்கச்சி உங்களுக்குக் குடுத்தப்ப யாருங்க கைதட்டினா?"

கத்தி மோவாயில் கீறிவிட்டது. இந்த வீட்டில் ஒரு மனிதன் நிம்மதியாக முகம் மழிக்க முடியாது. "நீயும் வா, நீ பார்க்கக் குடுக்கிறேன்" என்றேன். "எனக்கு வேலை இருக்கு. மணி பத்தாகுது" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

நான் போனேன். தையல் அறைக்குச் சலவை நோட்டாக எடுத்துக்கொண்டுதான் போனேன். கொடுப்பது நான் அல்லவா? தங்கை மடியில் அந்த உடுப்பு. சனிக்கிழமை அரைகுறையாகப் போட்ட தையலைக் கான்டீன் அக்காவுக்காகப் பிரித்துக்கொண்டிருந்தாள். தபால்காரரை நூல் வாங்க அனுப்பியிருந்தாளாம். அக்கா அளவு பார்க்க வாசலில் வந்து நின்றார். சரி, ஒரு ஆளாவது பார்க்கட்டும் என்று நான் பையைத் தொட்டேன்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம்" என்று தங்கை எழுந்து கதவைச் சாத்தினாள்.

"ஏம்மா, அவங்க இருந்தா என்ன?"

"என் கை எனக்குத் தெரியும்ணே. சாட்சி வேணாம்."

வலது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலின் நுனியில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போயிருந்தது. நான் எண்ணி வைத்தேன். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டே எண்ணினேன். அந்த அறையில் என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. எட்டாயிரம் முடிந்தது. கை மூடவில்லை.

"என்ன?"

"பின் வரிசையில ஒருத்தன் கத்தினானே நேத்து. கேக்கலையா?"

இவளை என்ன செய்ய! இடது பையில் வட்டிக்கென்று நான் ஒரு கட்டு வைத்திருந்தேன். கேட்டால் கொடுக்கலாம், கேட்காவிட்டால் பையிலேயே இருக்கட்டும் என்று. வியாபாரி நான். அதை வெளியே எடுத்து, எச்சில் தொட்டு, ஒவ்வொன்றாக அந்தக் கையில் எண்ணி வைத்தேன்.